புகாரை ஒரு பக்கத்தில் எழுது, கண்ணு



நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நான்கு பக்கப் புகாரை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உன் மாமாவாகப் படித்தேன். கோபத்தில் கை நடுங்கியது. இரண்டாம் முறை, இருபது வருடத்துக்கு மேல் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவனாகப் படித்தேன். அப்போது தோன்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்தப் புகாரை இன்னும் யாருக்கும் அனுப்பிவிடாதே.

நடந்ததை நான் புரிந்துகொண்ட வகையில் சொல்கிறேன். லைசென்ஸ் தேர்வில் எட்டு போட்டாய். கால் ஊன்றவில்லை, கோட்டைத் தொடவில்லை. அடுத்து பிரேக் இன்ஸ்பெக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னார், அதுவும் கன்னடத்தில். நீ வாயசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்பவள். உனக்குப் பழக்கமான வாயசைவு தமிழ். குனிந்த தலையிலிருந்து வந்த கன்னடத்தை நீ எப்படிப் பிடிப்பாய்? மற்றவர்கள் போன திசையை ஊகித்துப் போனாய், வேறிடத்தில் நிறுத்தினாய். 'சொன்னதைக் கேட்கவில்லை' என்று ஃபெயில் போட்டார்கள். வெளியே வரும்போது கவுண்டரில் இருந்த ஒருவர், காது கேட்காத பெண்ணுக்கு வண்டி எதற்கு என்று உன் அப்பாவிடம் கேட்டார்.

இந்தக் கடைசி வரிதான் உன் நான்கு பக்கத்தையும் எழுத வைத்திருக்கிறது. அது எனக்குத் தெரிகிறது.

அந்த மனிதர் கேட்ட கேள்வியை நானும் ஒரு காலத்தில் வேறு சொற்களில் கேட்டிருக்கிறேன், கண்ணு. 2006 வாக்கில் ஒரு தகப்பனார் தன் மகனை என் பள்ளிக்கு அழைத்து வந்தார். பையனுக்குக் காது கேட்காது. இவனுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். எந்தச் சட்டம் என்று அவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாமலேயே அனுப்பினேன். அவர் வெயிலில் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்து போனதை இன்றும் மறக்க முடியவில்லை. அன்று ஊரெல்லாம் அப்படித்தான் நம்பியது, நானும் நம்பினேன். நம்பியது தப்பு.

அந்தத் தகப்பனார் கேட்ட கேள்விக்குப் பதில் 2011 பிப்ரவரியில் வந்தது. தேசியக் காது கேளாதோர் சங்கம் தொடுத்த வழக்கில், தேர்வில் தேறும் ஒருவருக்குக் காது கேட்காது என்ற ஒரே காரணத்தால் லைசென்ஸை மறுக்கக்கூடாது என்று தில்லி உயர்நீதிமன்றம் சொன்னது. 2016இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் மாநிலங்களுக்கு இதையே எழுதியது. அதே ஆண்டு நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஒருவரின் குறைபாட்டுக்கு ஏற்ற நியாயமான வசதியைச் செய்து தராமல் மறுப்பதையே பாகுபாடு என்கிறது அந்தச் சட்டம். கவுண்டரில் அப்பாவிடம் சொல்லப்பட்டது தனி மனிதரின் கருத்து, அவ்வளவுதான். சட்டம் உன் பக்கம் நிற்கிறது.

இனி உன் புகாருக்கு வருகிறேன். 'என்னை பாஸ் போட்டிருக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறாய். அந்த வாக்கியத்தை எடுத்துவிடு. உன் வேலை அது இல்லை. பிரிட்டனில் தேர்வு விதிப்படி நடக்கவில்லை என்று தோன்றினால் நீதிமன்றத்துக்கே போகலாம். அங்கே ஜெயித்தாலும் ஃபெயில் பாஸாகாது. கட்டணம் இல்லாமல் மறுதேர்வுதான் கிடைக்கும். அதுதான் சரி. ஓட்டிக் காட்டாத ஒன்றுக்கு எந்த நீதிபதியும் மதிப்பெண் போட முடியாது. நீ கேட்க வேண்டியது உனக்குப் புரியும் விதத்தில் நடக்கும் ஒரு தேர்வை.

மோட்டார் வாகன விதிகளில் 15ஆவது விதியை யாரிடமாவது வாங்கிப் படி. கண்ணாடியைச் சரிசெய்வது, சைகை காட்டுவது, திரும்பும் முன் பின்னால் பார்ப்பது, பத்திரமாக நிறுத்துவது என்று, தேர்வில் பார்க்க வேண்டியவை அதில் வரிசையாக இருக்கின்றன. எல்லாமே வண்டியைக் கையாளும் திறமை. வாயால் சொல்வதைக் காதால் வாங்குவது அந்த வரிசையில் இல்லை. உன் புகாரின் உயிர் இந்த ஓர் இடத்தில் இருக்கிறது: உன் ஓட்டும் திறமையை அளக்க வேண்டிய இடத்தில் உன் காதை அளந்துவிட்டார்கள்.

மூன்றாம் பக்கத்தில் நீயே ஒன்றை எழுதியிருக்கிறாய். ஊகித்துப் போன அந்தத் திருப்பத்தில் இண்டிகேட்டர் போட மறந்தாய், பின்னால் பார்க்காமல் ஒடித்தாய். பதற்றத்தில் நடந்தது என்று எழுதி, பிறகு அடித்திருக்கிறாய். அடித்த கோட்டுக்குக் கீழே எழுத்து தெரிகிறது. அதற்கு மட்டும் ஃபெயில் போட்டிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். அந்தப் பிழை உன்னுடையது. காது கேட்பவர் அந்தப் பிழையைச் செய்தால் பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்து எச்சரிப்பான். உனக்கு அந்த எச்சரிக்கை வந்து சேராது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நீ ஓட்டப்போவது பாலாற்றுச் சாலை. சோதனைச்சாவடி தாண்டி மாதேஸ்வரன் மலைக்கு ஏறும் வளைவுகள் உனக்குத் தெரியும். அங்கே ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன்தான் பேச்சு. மேலிருந்து இறங்குகிற பஸ், வளைவுக்கு முன்னாலேயே 'நான் வருகிறேன்' என்று ஹாரனால் சொல்கிறது. உனக்கு அது கேட்காது. ஆகையால் வளைவு தெரிந்ததும் வேகத்தைக் குறைத்துவிடு, இடது ஓரத்தைப் பிடி, எக்காரணம் கொண்டும் அங்கே முந்தாதே. மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை என்பது விதி. ஆனால் இறங்கி வருகிறவனுக்கு அது ஞாபகம் இருக்கும் என்று நம்பி ஏறாதே. காட்டுப் பகுதியில் யானை சாலையைக் கடக்கும்போது கிளை முறியும் சத்தம்தான் மற்றவர்களுக்கு முதல் தகவல். உனக்கு முதல் தகவல் முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கு. விடியற்காலையில் தனியாகப் போகாதே.

காதுக்கு வராத எச்சரிக்கையைக் கண்ணால் பிடிக்க ஒரு வழி உண்டு. ஜப்பானில் 2008 வரை உன்னைப் போன்றவர்களுக்கு லைசென்ஸே கிடையாது. அந்த ஆண்டு சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது, காரில் அகலமான கண்ணாடி பொருத்த வேண்டும், பட்டாம்பூச்சி வடிவ அடையாளம் ஒட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். எனக்கு அந்த அகலக் கண்ணாடி பிடித்திருக்கிறது. உன் ஸ்கூட்டியின் இரண்டு கண்ணாடிகளையும் கழற்றிவிட்டுக் கொஞ்சம் பெரியதாகப் போடலாம். மேட்டூரில் கிடைக்கும், செலவு என்னுடையது.

புகாரை எப்படி எழுதுவது? ஒரு பக்கம் போதும். கன்னடத்தில் இருக்கட்டும், உன் சித்தி மகன் எழுதித் தருவான். நீ செவித்திறன் குறைந்தவள், யூ.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எண் இது, தேர்வு நடந்த தேதி இது, குறிப்புகள் வாய்மொழியாக மட்டும் சொல்லப்பட்டன, அதனால் உனக்கு அவை போய்ச் சேரவில்லை. இவ்வளவுதான் நடந்ததாக எழுத வேண்டியது. கேட்க வேண்டியவை இவை: மறுதேர்வில் குறிப்புகளை ஓட்டத் தொடங்கும் முன்பே எழுதிக் காட்ட வேண்டும், கைச்சைகைகளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது சைகைமொழி தெரிந்த ஒருவரை உடன் நிற்க அனுமதிக்க வேண்டும். இங்கிலாந்தில் இதை முன்பதிவின்போதே கேட்டு வாங்குகிறார்கள். நீயும் தேர்வுக்கு முன்பே எழுத்தில் கேட்டிருந்தால் இன்று உன் கை இன்னும் வலுவாக இருந்திருக்கும். அதை உனக்குச் சொல்லாமல் விட்டது என் குற்றம். எட்டு போடக் கற்றுக்கொடுத்தேன், இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கவுண்டரில் கேட்ட சொல்லைப் பற்றி ஒரே ஒரு வரி எழுது. சொன்னவர் பெயர் தெரியாது என்றால் தெரியாது என்றே எழுது. அவர் முகம், சட்டை நிறம், அவர் வீட்டுப் பெண்கள் பற்றிய உன் வரிகள் எல்லாம் போகட்டும். படிக்கிற அதிகாரிக்கு ஒதுக்கித் தள்ள ஒரு சாக்கைக் கொடுக்காதே.

ஃபெயில் ஆவதும் மறுக்கப்படுவதும் சட்டத்தில் வேறு வேறு. ஃபெயில் ஆனால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறை ஃபெயில் ஆனால்தான் அறுபது நாள் காத்திருக்க வேண்டும். உனக்கு இது முதல் முறை. உன் பழகுநர் லைசென்ஸ், அதுதான் எல்.எல்.ஆர்., ஆறு மாதத்துக்குச் செல்லும், நாள் இருக்கிறது. ஆனால் மறுமுறை போகும்போது 'காது கேளாதவர்களுக்குக் கிடையாது' என்று யாராவது சொன்னால், அது மறுப்பு. அங்கேயே நின்று காரணத்தை எழுத்தில் கேள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அப்படித் தரச் சொல்கிறது. அந்த உத்தரவு கைக்கு வந்ததிலிருந்து முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இப்படி எழுதிக் கேட்டாலே பல இடங்களில் பேச்சு மாறிவிடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உன் தேர்வுத் தாளில் என்ன குறித்தார்கள் என்று அறியத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

புகாருக்குப் பதிலே வராவிட்டால் பெங்களூரில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். சிவில் நீதிமன்றத்தைப் போல ஆளை வரவழைத்து விசாரிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரைத்தால், என்ன செய்தோம் என்று அந்த அலுவலகம் மூன்று மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும். கேரளத்தில் தொடுபுழா ஜிலுமோள் மரியட் தாமஸைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும். பிறவியிலேயே இரண்டு கைகளும் இல்லாதவர், காலால் கார் ஓட்டுகிறவர். அங்கே போக்குவரத்துத் துறை முதலில் முடியாது என்றது. உயர்நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகள் ஆணையர் என்று பல ஆண்டுகள் அலைந்து, 2023 டிசம்பரில் லைசென்ஸ் வாங்கினார். அவர் அலைந்த அளவுக்கு நீ அலைய வேண்டியிருக்காது. அலைய வேண்டி வந்தால் நானும் கூட வருவேன்.

தேர்வைக் கொளத்தூர்ப் பக்கம் வந்து எழுதினால் என்ன, அங்கே தமிழில் சொல்வார்களே என்று அக்கா கேட்டாள். நீ குடியிருப்பது கர்நாடகம். அங்கேயே எழுது. பொய் முகவரி கொடுத்து வாங்கும் லைசென்ஸ், ஒரு விபத்து நடந்தால் உன்னையே மாட்டிவிடும். புரோக்கரிடம் பணம் கொடுத்து முடித்துவிடலாம் என்று அப்பா சொன்னதும் காதில் விழுந்தது. வேண்டாம். அந்த லைசென்ஸைக் காட்டி 'எனக்கு ஓட்டத் தெரியும்' என்று நீ யாரிடமும் நிமிர்ந்து சொல்ல முடியாது. உனக்குப் பின்னால் வரப்போகிற காது கேளாத பிள்ளைக்கும் அதே கவுண்டரில் அதே கேள்விதான் காத்திருக்கும்.

விடியற்காலையில் அப்பா பரிசலில் பிடித்து வரும் மீன், பஸ்ஸுக்குக் காத்திருந்தே கெட்டுப்போகிறது என்றுதானே நீ வண்டி கற்றுக்கொள்ள வந்தாய். அந்தக் காரணம் புகாரில் இருக்கட்டும். அது உன் தேவையைச் சொல்கிறது.

புதிதாக எழுதிய பக்கத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. திங்கள் காலை முதல் பஸ்ஸில் பாலாற்றுக்கு வருகிறேன். மூன்று நாள், இண்டிகேட்டரும் பின்னால் பார்ப்பதும் மட்டும் பழகுவோம். வியாழக்கிழமை மறுதேர்வுக்குத் தேதி எடு.

உன் மாமா,
கொளத்தூர்