துவக்கும் ஊர்ப் பெயரும்

தலைமன்னார்

அன்பு மருமகனுக்கு,

இலங்கையில் துவக்கு வைத்திருக்க விரும்புகிறவர் ஆண்டுதோறும் அரசாங்கத்திடம் அனுமதி கேட்க வேண்டும். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் பிரித்தானியர் காலத்தில் போட்ட விதி; அடிப்படையில் இன்றும் அதுவே ஆள்கிறது. அனுமதிப்பத்திரத்தின் ஆயுள் டிசம்பர் 31 வரைதான். பயிரைக் காக்கும் சொட்கன் என்றால் மாவட்டச் செயலகத்துக்கும், உயிர்ப் பாதுகாப்புக்கான பிஸ்டல், ரிவோல்வர் என்றால் பாதுகாப்பு அமைச்சுக்கும் விண்ணப்பம் போகும். 1996ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டவிரோத ஆயுதங்களுக்கான தண்டனையை ஆயுள்சிறை வரை உயர்த்தியது. 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு, தனிப்பட்ட பாதுகாப்புக்கெனக் கொடுத்த துவக்குகளைத் தற்காலிகமாகத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லி, யாருக்கு உண்மையில் தேவை என்று மறுபடி பார்க்கத் தொடங்கியது. கொடுத்ததை எந்த நேரமும் திருப்பிக் கேட்கலாம் என்பதே இந்த நாட்டுச் சட்டத்தின் போக்கு.

ஆனால் வன்னியிலும் மன்னார்க் கரையிலும் ஆளைக் கொன்ற துவக்குகளில் பத்திரம் உள்ளவை மிகக் குறைவு. பெருநிலப் பரப்பின் காட்டோரக் கிராமங்களில், குழாயின் வாய்வழியே மருந்தை இடித்துச் சுடும் இடியன் துவக்கு பழைய பொருள். அதைவிடக் கொடியது கட்டுத்துவக்கு. பன்றி வரும் தடத்தில் ஒரு குழாயைப் பதித்து, குறுக்கே மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு ஆள் வீட்டுக்குப் போய்விடுவார். பன்றியின் உயரத்துக்குக் கட்டிய கம்பி மனிதனுக்கு முழங்கால் அளவு. அதனால் கட்டுத்துவக்கு வெடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குக் காயம் காலில்தான். விறகுக்கோ தேனுக்கோ மாடு தேடியோ போனவர்கள் அவர்கள். வைத்தவரே மறந்துபோய்த் தடக்கியதும் உண்டு. பயிரைக் காக்க வைத்த ஆயுதத்துக்குப் பன்றி எது, பக்கத்துவீட்டுக்காரர் எது என்று தெரியாது.

மூன்றாவது வகை போர் விட்டுச் சென்றது: ரி-56 துப்பாக்கி. சீனத் தயாரிப்பு, இராணுவத்தின் ஆயுதம். படையிலிருந்து தப்பி ஓடியவர்கள் வழியாகவும், களவுபோன இருப்பிலிருந்தும், புதைத்து வைத்த இடங்களிலிருந்தும் அது பாதாள உலகக் கும்பல்களின் கைக்குப் போனது. தெற்கில் நடக்கும் கூலிக்கொலைச் செய்திகளில் இந்தப் பெயர் அடிபடாத மாதம் அரிது.

துவக்கு பெருகினால் ஆள் பத்திரமாக இருப்பார் என்ற வாதத்துக்குத் தலைமன்னாரின் நாற்பது ஆண்டுகளே பதில் சொல்லும். 1980களின் நடுவிலிருந்து இந்தக் கரையில் இராணுவம், கடற்படை, பல இயக்கங்கள், பிறகு இந்தியப் படை என்று ஆயுதம் ஏந்தாத தரப்பே இல்லை. ஜனம் இராமேசுவரத்துக்குப் படகேறியது அந்தக் காலத்தில்தான். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது மன்னார்த் தீவின் முஸ்லிம்களும் வீடுவாசலை விட்டுப் போனார்கள். 2006 ஜூன் 17 அன்று பேசாலை வெற்றி அன்னை ஆலயத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீதே தாக்குதல் நடந்தது. 1990இல் நின்ற தலைமன்னார் ரயில் திரும்ப வர 2015 மார்ச் 14 ஆயிற்று. வீட்டுக்கு வீடு துவக்கு இருந்திருந்தால் இவற்றில் எது தடுபட்டிருக்கும் என்று கேட்டால், இங்கே வாழ்ந்த எவரும் ஒன்றையும் சொல்ல மாட்டார்.

போர் முடிந்த பிறகும் மாவட்டத்தை உலுக்கியது அரசியல் அல்ல, மாட்டுவண்டிச் சவாரி. 2022 ஜூனில் உயிலங்குளம் பக்கத்தில் சவாரியையொட்டி மூண்ட தகராறில் சகோதரர் இருவர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2023 ஓகஸ்டில் அடம்பன் பகுதியில் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2025 ஜனவரி 16 காலை, மன்னார் நீதவான் நீதிமன்றத்துக்கு முன்னால், வழக்குக்கு வந்தவர்கள் மீது மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் சுட்டார்கள். இருவர் இறந்தார்கள், இருவர் காயப்பட்டார்கள். பழிக்குப் பழி என்று போகும் இந்தக் கோவையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆரம்பம் கத்தி, தொடர்ச்சி துவக்கு. கத்திக்கு ஆள் கிட்ட வர வேண்டும், முகம் பார்க்க வேண்டும், விலக்குப் பிடிக்க வருகிறவருக்கு ஒரு நொடி கிடைக்கும். துவக்குக்கு அந்த நொடி இல்லை. ஒரு மாதம் கழித்து, பெப்ரவரி 19 அன்று, கொழும்பு அளுத்கடை நீதிமன்றத்துக்கு உள்ளேயே சட்டத்தரணி வேடத்தில் வந்தவர் ஒருவரைச் சுட்டுக் கொன்றார். ஆயுதம் சட்டப் புத்தகத்தின் உள்பக்கங்களை வெட்டி ஒளித்துக் கொண்டுவரப்பட்டது. பொலிசும் ஆயுதக் காவலும் நிறைந்த கட்டடம் அது.

இப்படிச் செய்திகளை அடுக்கினால் இலங்கை கொலைகார நாடு என்று தோன்றும். கணக்கு வேறு. இந்நாட்டில் வீதி விபத்தில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் சாகிறார்கள். கொலையுண்டவர்கள் அதைவிட மிகக் குறைவு. ஹெல்மெட் போடாமல் மன்னார் வீதியில் பறக்கும் பையனுக்குப் பாதாள உலகத்தைப் பற்றிப் பயம் இருப்பது வேடிக்கைதான்.

ஊர்ப் பெயரையும் நாட்டுப் பெயரையும் வைத்துக் குற்றத்தை அளக்கும் பழக்கம் எல்லாரிடமும் இருக்கிறது. தெற்கில் மன்னார் என்றால் கேரள கஞ்சா. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் சுமார் 30 கிலோமீட்டர் கடல். அந்தக் கடலில் பீடி இலையும் மஞ்சளும் கஞ்சாவும் வருவது பொய்யல்ல. அதே கரையில் விடியற்காலை வலை இழுக்கும் ஆயிரக்கணக்கானவர்களும் சோதனைச் சாவடியில் அதே கண்ணால்தான் பார்க்கப்படுகிறார்கள். அக்கரைத் தமிழகத்தில் இலங்கைத் தமிழர் என்றால் இயக்கம் என்ற சந்தேகம் 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு நெடுநாள் நீடித்தது. கனடாவில் இன்னொரு கதை. 1990களில் ரொறொன்ரோவில் இரண்டு தமிழ்க் கும்பல்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. 2001 ஒக்டோபரில் பொலிஸ் ஏறக்குறைய ஐம்பது பேரைப் பிடித்தது. லட்சக்கணக்கானோர் தொழிற்சாலையிலும் உணவகத்திலும் இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், பத்திரிகைத் தலைப்பில் தமிழன் என்ற சொல்லோடு கும்பல் என்ற சொல் ஒட்டிக்கொண்டது. 2010இல் சன் சீ கப்பலில் 492 இலங்கைத் தமிழர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்து இறங்கியபோது, விசாரணைக்கு முன்பே பயங்கரவாதிகள், ஆட்கடத்தல்காரர்கள் என்ற பேச்சு மேலிடத்திலிருந்தே வந்தது.

இவ்வளவும் பட்டவர்கள் மற்றவர்மேல் அதே கோலைப் போடாமல் இருக்கிறார்களா என்றால், இல்லை. ரொறொன்ரோவில் வீடு தேடும் தமிழர் குடும்பம், அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள், கறுப்பரா என்று முதலில் கேட்கும். மன்னாரில் ஒரு மோட்டார் சைக்கிள் காணாமல்போனால் கண் வெளியூர்க் கூலிக்காரர் பக்கம் திரும்பும். இது பாதுகாப்பு உணர்ச்சி என்று பெயர் சூட்டிக்கொண்ட சோம்பல்.

சந்தேகம் மனத்தோடு நின்றால் அவமானத்தோடு போகும். கையில் துவக்கும் இருந்தால் உயிர் போகும். 2012 பெப்ரவரி 15 அன்று கேரளக் கரைக்கு அப்பால் என்ரிக்கா லெக்சி என்ற இத்தாலியக் கப்பலின் காவல் வீரர்கள், நெருங்கி வந்த செயின்ட் அந்தோனி என்ற மீன்பிடிப் படகைக் கடற்கொள்ளையர் படகு என்று நினைத்துச் சுட்டார்கள். செத்த இருவரும் மீனவர்கள். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். படகில் ஆயுதம் இல்லை, மீன்தான் இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தக் காலத்தில் சோமாலியக் கடற்கொள்ளையர் பற்றிய பேச்சு எல்லாக் கப்பலிலும் இருந்தது. வழக்கு சர்வதேசத் தீர்ப்பாயம் வரை போய், பத்துக் கோடி இந்திய ரூபாய் இழப்பீட்டோடு 2021இல் முடிந்தது. 1992இல் அமெரிக்காவின் லூசியானாவில் விருந்து வீடு என்று தவறான வீட்டு மணியை அடித்த 16 வயது ஜப்பானிய மாணவன் வாசலிலேயே சுடப்பட்டான். சுட்டவரை ஜூரர்கள் விடுவித்தார்கள், இழப்பீடு கொடுக்கச் சொன்னது பின்னால் நடந்த குடியியல் வழக்குத்தான். 2017 பெப்ரவரியில் கான்சஸ் மாநிலம் ஓலேத்தாவில் மதுக்கடையில் இருந்த இந்தியப் பொறியியலாளரை ஈரானியர் என்று நினைத்து ஒருவர் சுட்டுக் கொன்றார்.

துவக்குக் கணக்கில் அமெரிக்கா தனி ரகம். 2018இல் வெளிவந்த சிறு ஆயுத ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டில் அங்கே 100 பேருக்கு 120 துவக்குகள். கனடாவில் சுமார் 35, சுவிட்சர்லாந்தில் 28, இந்தியாவில் 5. துவக்கு மட்டுமே கொலையைத் தீர்மானிக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது: சுவிட்சர்லாந்தில் கொலை மிகக் குறைவு. அங்கே வீட்டில் இருப்பவற்றில் பல இராணுவச் சேவையோடு வந்தவை. அவற்றுக்கான ரவைகளை வீட்டில் வைப்பது 2007இலிருந்து அநேகமாக நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே நாட்டின் பெயரைவிட, துவக்கு யார் கையில், எந்தப் பூட்டுக்குள் இருக்கிறது என்பதைக் கேட்பதே சரி.

அமெரிக்காவைப் பற்றி இங்கே அதிகம் பேசப்படாத உண்மை: அங்கு துவக்கால் நிகழும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலை. கலிபோர்னியாவில் கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் அதனால் தற்கொலை செய்துகொள்ளும் ஆபத்து, வைத்திராதவர்களைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு என்று 2020இல் வந்த பெரிய ஆய்வு கண்டது. அங்கே படிக்கப் போய், முதல் பனிக்காலம், கட்டணக் கடன், ஊரில் இருந்து வரும் தொலைபேசிகள் என்று மனம் சோரும் மாணவர்களின் பொது அறையில் துவக்கு இருப்பது, வெளியே இருக்கும் திருடனைவிட நிச்சயமான ஆபத்து.

மாணவர் விசாவில் போகிறவருக்கு இதில் தெரிவுக்கு இடமே குறைவு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குடியேற்றமல்லாத விசாக்காரர், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துவக்கோ ரவையோ வைத்திருக்கவே கூடாது. அறை நண்பரின் துவக்கு கட்டிலுக்கு அடியில் இருந்தாலும் சிக்கல் வரலாம். அப்படிப்பட்ட அறையை எடுக்காமல் விடுவதே நல்லது. கனடாவில் 2022 ஒக்டோபர் 21இலிருந்து தனியார் கைத்துப்பாக்கி வாங்குவதும் கைமாற்றுவதும் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுள்ளன. பிரித்தானியாவில் மிளகுத் தெளிப்பானே சுடுகலனாகக் கருதப்படும். பையில் போட்டுக்கொண்டு போனால் வழக்கு வரும்.

எரிபொருள் நிலையத்திலோ இரவுக் கடையிலோ வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். கல்லாவில் காசைக் குறைவாக வைப்பது, மீதியை இரும்புப் பெட்டியில் போடுவது, கேட்டவனுக்கு உள்ளதைக் கொடுத்துவிடுவது. கொள்ளைக்காரன் காசுக்கு வந்தவன். அதற்கு மேல் அவனோடு ஒரு பேச்சும் வேண்டியதில்லை. வீடு எடுக்குமுன் நகரப் பொலிஸ் வெளியிடும் குற்ற வரைபடத்தைத் தெரு வாரியாகப் பார்க்கலாம். அயலவரின் நிறத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அவசர இலக்கம் அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, பிரித்தானியாவில் 999, இலங்கையில் 119.

விமானம் ஏறுமுன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு எழுதி, இரவு வாகன வசதி உண்டா என்று கேட்டு வைத்தால் போதும். துவக்கு வாங்கும் பேச்சு வேண்டவே வேண்டாம்.

அன்புடன்,
மாமா