சிறுநீரக நோயுள்ள நாய்களும் சிறுநீர்ப்பாதைத் தொற்றும்: மருந்து எப்போது, எத்தனை நாள்?

சில மாதங்களுக்கு முன் 9 வயதுப் பெட்டை லாப்ரடார் ஒன்றை அதன் குடும்பத்தார் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தனர். அதற்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பது ஓராண்டுக்கு முன்பே கண்டறியப்பட்டிருந்தது. உணவுக் கட்டுப்பாட்டினால் அதுவரை ஓரளவு நலமாகவே இருந்து வந்தது. வந்த அன்றோ, இரண்டு நாள்களாக அது எதையும் உண்டிருக்கவில்லை. காய்ச்சலும் வாந்தியும் இருந்தன. விலா எலும்புகளுக்குப் பின்னே முதுகைத் தொட்டால் முனகியது.

அழைத்து வந்தவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் பாதி தீர்ந்த நான்கு மாத்திரை அட்டைகள். சிறுநீரில் வாடை வீசியபோது ஒன்று, ஆய்வறிக்கையில் 'பாக்டீரியா உள்ளது' என்று வந்தபோது ஒன்று என, ஓராண்டில் நான்கு வகை ஆன்டிபயாட்டிக் மருந்துகள் கொடுக்கப்பட்டிருந்தன. நாய் சற்றுத் தெளிந்ததும் ஒவ்வொன்றும் நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டு அட்டைகள் மருந்துக் கடையில் கேட்டு வாங்கியவை. மற்ற இரண்டும் மருத்துவர் சீட்டின்படி வாங்கியவை. அவற்றுள் ஒன்று எங்கள் மருத்துவமனைச் சீட்டு என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினோம். ஈ.கோலை என்னும் பாக்டீரியா வளர்ந்தது. வாய்வழி கொடுக்கத்தக்க மருந்துகளாக நாங்கள் சோதித்தவற்றுள் ஒன்றுக்கும் அது கட்டுப்படவில்லை. எஞ்சியவை இரண்டு ஊசி மருந்துகள். ஒன்று அமிகாசின், அது சிறுநீரகத்தையே பாதிக்கவல்லது. மற்றொன்று மெரோபெனம், மனிதர்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், பிற மருந்துகள் பயனற்றுப்போகும் வேளைக்கெனக் காத்து வைக்கப்படுவது. அந்த நாய்க்கு என்ன நேர்ந்தது என்பதை இக்கட்டுரையின் இறுதியில் கூறுகிறோம். அந்நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதை முதலில் விளக்குவது எங்கள் கடமை.

நலிந்த சிறுநீரகமும் நீர்த்த சிறுநீரும்

உடல்நலமுள்ள நாயின் சிறுநீர் அடர்த்தியானது. அந்த அடர்த்தியும், அதிலுள்ள யூரியாவும், அமிலத்தன்மையும் பாக்டீரியா பெருகுவதை ஓரளவு தடுக்கின்றன. சிறுநீரகம் நலிவுறும்போது அது முதலில் இழக்கும் திறன்களுள் ஒன்று, சிறுநீரை அடர்த்தியாக்கும் திறன். கிரியாட்டினின் அளவு இரத்தத்தில் உயர்ந்து தென்படும் வேளையில், சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இழக்கப்பட்டிருக்கும். அதற்கு முன்பே சிறுநீர் தண்ணீர்போல் நீர்த்துவிடுகிறது. நீர்த்த சிறுநீரில் பாக்டீரியா எளிதில் தங்கிப் பெருகும்.

இவற்றுள் பெரும்பாலானவை வெளியிலிருந்து வருபவை அல்ல. நாயின் சொந்தக் குடலிலும் ஆசனவாயைச் சுற்றிய தோலிலும் வாழ்பவை, சிறுநீர்த் துளை வழியே மேலேறிச் சிறுநீர்ப்பையை அடைகின்றன. பெட்டை நாய்களில் அந்த வழி குறுகியது. ஆகவே அவற்றுக்குத் தொற்று மிகுதி. நீரிழிவு, குஷிங் நோய், நெடுநாள் ஸ்டீராய்டு சிகிச்சை ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டும்.

இங்கே வளர்ப்போருக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. சிறுநீரக நோயுள்ள நாய் ஏற்கெனவே மிகுதியாக நீர் பருகி மிகுதியாகச் சிறுநீர் கழிக்கும். எனவே 'அடிக்கடி போகிறது' என்பது மட்டும் தொற்றின் அடையாளம் ஆகாது. சிறிது சிறிதாக, முக்கி முக்கிக் கழிப்பது, கழிக்கும்போது வலியால் முனகுவது, சிறுநீரில் இரத்தம் கலந்து வருவது, பழகிய இடத்தை விட்டு வீட்டுக்குள் கழிப்பது ஆகியவையே சிறுநீர்ப்பைத் தொற்றைச் சுட்டும் அடையாளங்கள். காய்ச்சல், வாந்தி, உணவு மறுத்தல், முதுகுவலி, கிரியாட்டினின் திடீரென உயர்தல் ஆகியவை தொற்று சிறுநீரகத்தையே எட்டியிருக்கலாம் என்று எச்சரிப்பவை. இரண்டாவது வகை அடையாளங்கள் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

பாக்டீரியா இருப்பதெல்லாம் நோயன்று

எந்த அடையாளமும் இல்லாமல், வழக்கமான பரிசோதனையில் மட்டும் பாக்டீரியா தென்படுவதுண்டு. சிறுநீரக நோயுள்ள நாய்களில் இது அரிதன்று. முன்னாள்களில், அறிக்கையைக் கண்டவுடன் மருந்து எழுதுவதே வழக்கமாக இருந்தது. நாங்களும் அவ்வாறே எழுதினோம். மேற்சொன்ன பையில் இருந்த எங்கள் சீட்டும் அத்தகையதே.

செல்லப்பிராணிகளின் தொற்றுநோய்களுக்கான பன்னாட்டுச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதில் தெளிவாக உள்ளது: அடையாளங்கள் இல்லாத நாயின் சிறுநீரில் பாக்டீரியா இருப்பதை மட்டும் காரணமாகக் கொண்டு பொதுவாக ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. நாய்க்குத் தீங்கு செய்யாத பாக்டீரியாவை அழிப்பதால் அதற்கு நன்மை இல்லை. அது திரும்பவும் வந்து குடியேறும். மருந்தினால் விளையும் தீங்கோ நிலைத்துவிடும்.

தீங்கு எங்கே விளைகிறது?

'அடிக்கடி கொடுத்ததால் உடம்புக்கு மருந்து பழகிவிட்டது' என்று பலர் கூறக் கேட்கிறோம். பழகுவது உடம்பு அன்று, பாக்டீரியா. வயலில் ஒரே களைக்கொல்லியைத் திரும்பத் திரும்பத் தெளித்தால், அதற்கு மடியாத களைகள் மட்டும் எஞ்சி விதை உதிர்க்கும். சில பருவங்களில் வயல் முழுவதும் அவையே நிற்கும். நாயின் உடலிலும் அதுவே நிகழ்கிறது.

நாம் கொடுக்கும் மாத்திரை சிறுநீர்ப்பையை மட்டும் சென்றடைவதில்லை. குடலிலும் அது செயல்படுகிறது. குடலில் வாழும் எண்ணற்ற பாக்டீரியாக்களுள் மருந்துக்கு மடிபவை மடிய, மடியாதவை பெருகுகின்றன. அவை தம் எதிர்ப்புத்திறனுக்குரிய மரபணுக்களை அண்டையிலுள்ள வேறு பாக்டீரியாக்களுக்கும் கடத்தவல்லவை. அடுத்த முறை சிறுநீர்ப்பைக்கு ஏறிவருபவை இக்குடலிலிருந்தே வருகின்றன என்பதை நினைவிற்கொள்ளுங்கள். தேவையற்ற ஒரு வேளைச் சிகிச்சை, தேவைப்படும் நாளில் பயன்படவேண்டிய மருந்தை முன்கூட்டியே பயனற்றதாக்கிவிடுகிறது.

பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-ஆம் ஆண்டு தம் நோபல் உரையிலேயே, குறைந்த அளவில் மருந்து கொடுத்தால் பாக்டீரியா எதிர்ப்புத்திறன் பெறும் என்று எச்சரித்தார். கைக்கு வந்த அளவில், நினைத்த நாள்களுக்கு மட்டும் கொடுக்கப்படும் மாத்திரைகள் அந்த எச்சரிக்கைக்கு இன்றும் சான்றாகின்றன.

இருபுறமும் அடைபடும் வழி

மற்ற நாய்களைவிடச் சிறுநீரக நோயுள்ள நாய்க்கு மருந்தெதிர்ப்பு ஏன் மிகுந்த இடர் தருகிறது? அதற்குக் கொடுக்கத்தக்க மருந்துகள் தொடக்கத்திலேயே குறைவு என்பதால்தான். அமிகாசின், ஜென்டாமைசின் போன்றவை சிறுநீரகத்தை மேலும் சிதைக்கலாம். நைட்ரோஃபுரன்டோயின் சிறுநீரில் சேர்ந்து செயல்படும் மருந்து. சிறுநீரகம் நலிந்தால் போதிய அளவு சிறுநீரை எட்டாது, உடலில் தங்கி நச்சாகலாம். வேறு சில மருந்துகளின் அளவையோ இடைவெளியையோ மாற்ற வேண்டியிருக்கும். இவ்வாறு நோய் ஒருபுறம் தேர்வைக் குறைக்கிறது. மருந்தெதிர்ப்பு மறுபுறம் குறைக்கிறது. இடையில் எஞ்சுவது சில வேளைகளில் ஒன்றோ இரண்டோதான்.

கல்ச்சர் பரிசோதனை ஏன்?

ஆகவேதான், அடையாளங்களுடன் வரும் சிறுநீரக நோயுள்ள நாய்க்கு மருந்து தொடங்குமுன் கல்ச்சர் பரிசோதனையை வலியுறுத்துகிறோம். அல்ட்ராசவுண்ட் கருவியில் பார்த்துக்கொண்டே, வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திச் சிறுநீர் எடுக்கப்படும். காண அச்சமாக இருக்கலாம்; பெரும்பாலான நாய்கள் இரத்தம் எடுப்பதைப்போலவே இதையும் பொறுத்துக்கொள்கின்றன. தரையிலிருந்தோ, கழிக்கும்போது கிண்ணத்திலோ பிடித்த சிறுநீரில் தோலிலுள்ள பாக்டீரியாவும் கலந்துவிடும். அது புரதம், அடர்த்தி ஆகியவற்றைக் காண உதவும், கல்ச்சருக்கு ஏற்றதன்று.

முடிவு வர இரண்டு மூன்று நாள்கள் ஆகும். எந்த பாக்டீரியா, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பது அதில் தெரியும். நாயின் நிலை கவலைக்கிடமாக இருந்தால், மாதிரி எடுத்த உடனேயே ஒரு மருந்தைத் தொடங்கி, முடிவு வந்தபின் தேவையானால் மாற்றுவோம். முதல் மருந்தை மாற்றும்போது 'ஏன் மாற்றுகிறார்கள்' என்று ஐயுற வேண்டாம். பரிசோதனையின் பயனே அதுதான்.

நாள்களின் எண்ணிக்கையும் நோய்க்கேற்ப மாறும். எப்போதேனும் வரும் எளிய சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு 3 முதல் 5 நாள்கள் பெரும்பாலும் போதும். சிறுநீரகத் தொற்றுக்கு 10 முதல் 14 நாள்கள். கருத்தடை செய்யப்படாத ஆண் நாயின் புரோஸ்டேட் சுரப்பியில் தொற்று இருந்தால் பல வாரங்கள். சொன்னதற்கு முன்பே நிறுத்துவதும், 'இன்னும் சில நாள் இருக்கட்டும்' என்று நீட்டிப்பதும் ஒருசேரத் தவறு.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. மீந்த மாத்திரைகளை அடுத்த முறைக்கென எடுத்து வைக்காதீர்கள். வீட்டில் பிறருக்கு எழுதிய மருந்தையும், வேறொரு நாய்க்கு எழுதிய மருந்தையும் கொடுக்காதீர்கள்.

2. வலிக்கென மனிதர்களுக்கான ஐபுபுரூஃபன், டைக்குளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை ஒருபோதும் கொடுக்காதீர்கள். நலிந்த சிறுநீரகத்தை அவை முற்றிலும் செயலிழக்கச் செய்யலாம்.

3. மருத்துவரைக் காண வரும்போது, கடந்த ஓராண்டில் கொடுத்த எல்லா மருந்துகளின் அட்டைகளையோ சீட்டுகளையோ எடுத்து வாருங்கள். கடையில் கேட்டு வாங்கியதாயினும் தயங்காமல் சொல்லுங்கள். அது எங்கள் தேர்வுக்குப் பெரிதும் உதவும்.

4. வேளை தவறினாலோ, மருந்தை நாய் வாந்தியெடுத்துவிட்டாலோ, அடுத்த வேளையில் நீங்களாக இரட்டிப்பாகக் கொடுக்காமல் எங்களைக் கேளுங்கள்.

5. குடிநீர் எப்போதும் கிடைக்கட்டும். 'மிகுதியாகக் கழிக்கிறது' என்று நீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர் கழிக்க அடிக்கடி வெளியே அழைத்துச் செல்லுங்கள். அடக்கி வைப்பது தொற்றுக்கு இடந்தரும்.

6. நாயின் சிறுநீரைத் துடைத்தபின் சோப்பிட்டுக் கைகழுவுங்கள். ஒரே வீட்டில் வாழும் மனிதரிடமும் நாயிடமும் ஒரே வகை ஈ.கோலை காணப்படுவதுண்டு, நாயிடம் உருவாகும் மருந்தெதிர்ப்பு நாயோடு நின்றுவிடுவதில்லை. எலிக்காய்ச்சலும் நாயின் சிறுநீர் வழியே மனிதருக்குப் பரவக்கூடியது. அதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போடுங்கள்.

அந்த லாப்ரடாருக்கு என்ன ஆயிற்று?

குடும்பத்தாருடன் கலந்து பேசி, அமிகாசினைத் தவிர்த்து, சிறுநீரகத்தின் நிலைக்கேற்ப அளவைக் குறைத்து மெரோபெனம் செலுத்தினோம். நரம்பின் வழியே திரவமும் ஏற்றப்பட்டது. நான்காம் நாள் அது தானே எழுந்து தட்டில் வைத்த சோற்றை உண்டது. பிழைத்துவிட்டது, ஆனால் இழப்பின்றிப் பிழைக்கவில்லை. தொற்றுக்கு முன் 2.2 ஆக இருந்த கிரியாட்டினின், தொற்று அடங்கியபின் 3.6-இல் நின்றுவிட்டது. நோய் இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்குச் சென்றுவிட்டது. தொற்றினால் சிதைந்த திசு மீண்டும் வளராது.

சென்ற மாதம் மறுபரிசோதனையில் அதன் சிறுநீரில் மீண்டும் ஈ.கோலை தென்பட்டது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, உணவும் குறையவில்லை, கிரியாட்டினின் அளவும் மாறவில்லை. 'மாத்திரை எழுதித் தரமாட்டீர்களா?' என்று அவர்கள் கேட்டனர். கவலை நியாயமானது. எவ்வெவ் அடையாளங்கள் தோன்றினால் உடனே வரவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வரச்சொல்லி அனுப்பினோம். அவர்கள் அந்தத் தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். நாய் நலமாக உள்ளது. இம்முறை அதற்கு எந்த மருந்தும் கொடுக்கப்படவில்லை.