காற்றாடியில் வந்த செய்தி

நுழையுமுன்

ஆட்டம் முடிந்ததும் மைதானம் வெறிச்சோடிவிடும். வெற்றி தோல்விக் கணக்கு மறுநாள் நாளேட்டில் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். ஆயினும் சில ஆட்ட நொடிகளை மக்கள் கைவிடுவதில்லை. தாத்தா பேரனுக்கும் அத்தை மருமகளுக்கும் சொல்லிச் சொல்லி அவற்றைக் காக்கின்றனர். அவ்வாறு கொல்கத்தா நகரத்துக் கால்பந்து ஆதரவாளர்கள் காத்துவரும் சில நொடிகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பாடம்

கொல்கத்தாவின் நடுவே, ஹூக்ளி ஆற்றுக்கு அருகில், வில்லியம் கோட்டையைச் சூழ்ந்து பரந்ததொரு புல்வெளி இருக்கிறது. அதனை அந்நகர மக்கள் 'மைதான்' என்றே அழைக்கின்றனர். நகரின் புகழ்பெற்ற கால்பந்துக் கழகங்கள் அங்கேதான் வேர்விட்டு வளர்ந்தன. அவற்றுள் மோகன் பகான் 1889ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் நிறங்கள் பச்சையும் அரக்குச் சிவப்பும். ஈஸ்ட் பெங்கால் 1920ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் நிறங்கள் சிவப்பும் பொன்மஞ்சளும். இவ்விரு அணிகளும் மோதும் நாளில் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டார்கூட இரு கட்சியாகப் பிரிந்து நிற்பர். மோகன் பகான் வென்றால் அதன் ஆதரவாளர் வீடுகளில் இறால் சமைப்பதும், ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீன் சமைப்பதும் வழக்கம்.

இரு கட்சியாருக்கும் தத்தம் செல்வமெனப் போற்றும் கோல்கள் உண்டு. ஒருவருக்குச் செல்வமாக இருப்பது மற்றவருக்குத் தீராத மனக்குறையாக இருக்கும் என்பதையும் சொல்லத் தேவையில்லை.

மோகன் பகான் ஆதரவாளரிடம் கேட்டால், அவர் பேச்சு பெரும்பாலும் 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாளில்தான் தொடங்கும். அன்று ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டியின் இறுதி ஆட்டம். எதிரணி ஈஸ்ட் யார்க்ஷையர் ரெஜிமெண்ட் என்னும் ஆங்கிலேயப் படைப்பிரிவின் அணி. அதுவரை எந்த இந்திய அணியும் அக்கேடயத்தை வென்றதில்லை. ஆங்கிலேய வீரர்கள் கனமான தோல் பூட்சு அணிந்து ஆடினர். மோகன் பகான் அணியின் பதினொருவரில் பூட்சு அணிந்தவர் சுதீர் சட்டர்ஜி ஒருவரே. மற்றப் பதின்மரும் வெறுங்காலுடன் களமிறங்கினர். பூட்சணிந்த கால் மிதித்தால் வெறுங்கால் என்னவாகும் என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தால், அவர்கள் காட்டிய துணிவின் அளவு விளங்கும். வெறுங்காலுக்கும் ஒரு நன்மை உண்டு. பந்து விரல்களுக்கு அடங்கி நிற்கும்; நொடியில் திசை மாறி ஓடலாம். மோகன் பகான் வீரர்கள் நம்பியது அந்த விரைவைத்தான்.

ஆட்டத்தைக் காணப் பல்லாயிரவர் திரண்டனர். அசாமிலிருந்தும் கிழக்கு வங்கத்திலிருந்தும் தொடர்வண்டிகளிலும் நீராவிக் கப்பல்களிலும் மக்கள் வந்து இறங்கினர். களத்தைச் சுற்றி இன்றுள்ளதுபோல் உயர்ந்த படிக்கட்டுகள் அன்று இல்லை. முன்வரிசையில் நின்றவர்களுக்கு மட்டுமே ஆட்டம் தெரிந்தது. சிலர் மரங்களில் ஏறினர். எதுவும் காணமுடியாமல் பின்னால் நின்றோர் தொகையே மிகுதி. வானொலி வர்ணனை இல்லாத காலம் அது. ஆகவே களத்தருகே இருந்தவர்கள் கோல் கணக்கைக் காற்றாடியில் எழுதி வானில் ஏற்றினர். தொலைவில் நின்ற கூட்டம் அண்ணாந்து பார்த்து ஆட்டத்தின் போக்கை அறிந்துகொண்டது.

இரண்டாம் பாதியில் முதற்கோலை அடித்தவர் ஆங்கிலேய வீரர் ஜாக்சன். வானில் ஏறிய அச்செய்தி கூட்டத்தை அடக்கிவிட்டது. ஆனால் அவ்வமைதி நெடுநேரம் நீடிக்கவில்லை. மோகன் பகான் அணித்தலைவர் சிப்தாஸ் பாதுரி இடப்புற ஓரத்தில் ஆடுபவர். அவர் பந்தைக் கொண்டுசென்று கோலடித்து ஆட்டத்தைச் சமநிலைக்குக் கொணர்ந்தார். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது சிப்தாஸ் மீண்டும் பந்துடன் முன்னேறினார். எதிரணியின் தடுப்பாட்டக்காரர்கள் அவரைச் சூழ்ந்தனர். மறுமுறையும் அவரே உதைப்பார் என்று எதிர்பார்த்திருப்பர். அவரோ பந்தை அபிலாஷ் கோஷிடம் தள்ளிவிட்டார். அபிலாஷ் அதனை வலைக்குள் செலுத்தினார். இரண்டுக்கு ஒன்று என்று எழுதிய காற்றாடி வானில் ஏறியது.

மோகன் பகான் ஆதரவாளர்கள் இன்றும் மிகுதியாகப் பேசுவது அந்தக் கடைசி நொடியில் சிப்தாஸ் பந்தை விட்டுக்கொடுத்ததைப் பற்றித்தான். தாமே அடித்திருந்தால் இரு கோல்களின் புகழும் அவரையே சேர்ந்திருக்கும். அப்பதினொருவரையும் வங்காள மக்கள் 'அமர் ஏகாதஷ்', அதாவது அழியாப் பதினொருவர், என்று போற்றுகின்றனர். ஜூலை 29ஆம் நாள் ஆண்டுதோறும் மோகன் பகான் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இவ்வெற்றியோடு ஒட்டிய கதையொன்றும் உண்டு. ஆட்டம் முடிந்து திரும்பிய வீரர்களிடம் ஒருவர் வில்லியம் கோட்டையின் மேல் பறந்த ஆங்கிலேயர் கொடியைச் சுட்டிக்காட்டி, அது எப்பொழுது இறங்கும் என்று கேட்டாராம். அடுத்த முறை மோகன் பகான் இக்கேடயத்தை வெல்லும்போது இறங்கும் என்று விடை வந்ததாம். மோகன் பகான் மறுபடி அக்கேடயத்தை வென்றது 1947ஆம் ஆண்டில். கதை உண்மையில் நடந்ததா, விடுதலைக்குப் பின் எவரேனும் அழகுபடச் சேர்த்ததா என்று ஐயுற இடமுண்டு. மோகன் பகான் ஆதரவாளர் எவரும் அவ்வாறு ஐயுற விரும்புவதில்லை.

அந்த 1947ஆம் ஆண்டே மற்றக் கட்சியாரின் கதைக்கும் திருப்புமுனையாயிற்று. நாட்டுப் பிரிவினையால் கிழக்கு வங்கம் பாகிஸ்தானின் பகுதியானது. இலட்சக்கணக்கானோர் வீட்டையும் வயலையும் குளத்தையும் விட்டுக் கொல்கத்தாவுக்கு ஏதிலியராக வந்து சேர்ந்தனர். நகரின் தென்பகுதியில் ஜாதவ்பூர் முதலிய இடங்களில் குடியிருப்புகளை அமைத்துக்கொண்டனர். அவர்கள் பேச்சின் ஒலி வேறாக இருந்தது; சமையல் வேறாக இருந்தது. 'பாங்கால்' என்று நகரத்தார் அவர்களைக் கேலியாக அழைத்தனர். விட்டுவந்த ஊரின் பெயரைத் தாங்கிய ஒன்று அந்நகரத்தில் இருந்தது. அதுதான் ஈஸ்ட் பெங்கால் கழகம். அவ்வணி அடித்த கோலைத் தம் வீட்டில் நடந்த நற்செய்தியாக அவர்கள் ஏன் கொண்டாடினர் என்பது இதனால் விளங்கும்.

அவ்வேதிலியர் முதன்முதலில் தலைமேல் வைத்துக் கொண்டாடிய ஐந்து முன்கள வீரர்களுள் ஒருவர்கூட வங்காளி அல்லர். வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரும் தென்னிந்தியாவிலிருந்து சென்றவர்கள். அகமது கான் பெங்களூர்க்காரர், அப்பா ராவ் ஆந்திரத்தவர், சாலே கேரளத்தவர். ஈஸ்ட் பெங்கால் ஆதரவாளர்கள் இவர்களைப் 'பஞ்ச பாண்டவர்' என்று அழைத்தனர். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து ஈஸ்ட் பெங்கால் ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. அகமது கானின் காலில் பந்து ஒட்டிக்கொண்டு நெளிந்து செல்வதைக் கண்டவர்கள் அவரைப் பாம்பாட்டி என்றனர். வங்காளம் பேசத் தெரியாமல் வந்திறங்கிய இளைஞர்களின் கால்திறனைப் பற்றி, ஊரிழந்த முதியவர்கள் மாலைதோறும் தேநீர்க் கடைகளில் பேசித் தீர்த்தனர்.

ஈஸ்ட் பெங்கால் ஆதரவாளர் வாயில் ஓயாது ஒலிக்கும் மற்றொரு நாள் 1975ஆம் ஆண்டு செப்டம்பர் 30. ஐ.எஃப்.ஏ. கேடய இறுதி ஆட்டம். எதிரணி மோகன் பகான். தொடக்கத்திலேயே சுரஜித் சென்குப்தா முதற்கோலை அடித்தார். ஷியாம் தாபா இரண்டும், ரஞ்சித் முகர்ஜியும் சுபங்கர் சன்யாலும் ஒவ்வொன்றும் அடிக்க, ஆட்டம் ஐந்துக்குச் சுழியம் என முடிந்தது. மோகன் பகான் ஆதரவாளர்களை வாயடைக்கச் செய்ய ஈஸ்ட் பெங்கால் கட்சியாருக்கு அதன்பின் சொற்களே தேவைப்படவில்லை. ஐந்து விரல்களை விரித்துக் காட்டினால் போதுமானதாயிற்று.

இதில் வேடிக்கையான செய்தி ஒன்று இருக்கிறது. அன்று இரண்டு கோல்களை அடித்த ஷியாம் தாபா டேராடூனிலிருந்து வந்தவர். சில காலத்தில் அவர் மோகன் பகானுக்கு மாறினார். 1978ஆம் ஆண்டு லீக் போட்டியில் ஈஸ்ட் பெங்காலை எதிர்த்து ஆடியபோது, அவர் கோலுக்கு முதுகைக் காட்டியபடி நிலத்தைவிட்டு எழும்பி, உடலைப் பின்புறமாகச் சாய்த்து, தலைக்கு மேலாகக் காலை வீசிப் பந்தை வலைக்குள் அனுப்பினார். இவ்வகை உதையைச் சைக்கிள் கிக் என்பர். கால் சற்றே பிந்தினாலும் பந்து தவறிவிடும்; ஆடுபவர் முதுகு தரையில் மோதும். மோகன் பகான் ஆதரவாளர்கள் இன்றளவும் கண்முன் நிறுத்திப் பேசும் கோல் அது. 1975ஆம் ஆண்டு அவர்களைக் கண்கலங்கச் செய்த அதே கால்தான் இதையும் அடித்தது என்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். அதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

இக்கணக்குத் தீர்க்கும் ஆட்டம் பின்னரும் தொடர்ந்தது. 1976ஆம் ஆண்டு லீக் ஆட்டத்தில் ஐதராபாத்துக்காரரான முகமது அக்பர், ஆட்டம் தொடங்கிய பதினேழாம் நொடியில் மோகன் பகானுக்காகக் கோலடித்தார். உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தவர்கள் அதனைப் பார்க்கவே இல்லை. 1997ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியைக் காண சால்ட் லேக் விளையாட்டரங்கில் 1,31,000க்கும் மேற்பட்டோர் குழுமினர். சிக்கிமைச் சேர்ந்த பாய்ச்சுங் பூட்டியா அன்று மூன்று கோல்களை அடிக்க, ஈஸ்ட் பெங்கால் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. 2009ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று நைஜீரிய நாட்டவரான சிடி எடே நான்கு கோல்களை அடிக்க, மோகன் பகான் ஐந்துக்கு மூன்று என்று வென்றது. முப்பத்துநான்கு ஆண்டுகளாக விரிந்த ஐந்து விரல்களைக் கண்டு தலைகுனிந்தவர்கள் அன்று தங்கள் ஐந்து விரல்களையும் விரித்தனர். தாங்கள் ஒரு கோலும் விடவில்லையே என்று ஈஸ்ட் பெங்கால் கட்சியார் உடனே கணக்குச் சொல்லத் தொடங்கியதில் வியப்பில்லை.

எனினும் ஆதரவாளர்கள் நினைவில் வைத்திருப்பவை அனைத்தும் கோல்கள் அல்ல. 1980ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் ஈடன் கார்டன் அரங்கில் இவ்விரு அணிகளும் மோதின. களத்தில் வீரர்களிடையே எழுந்த பூசல் பார்வையாளர் பகுதிக்கும் பரவியது. கைகலப்பிலும் நெரிசலிலும் சிக்கிப் பதினாறு பேர் உயிரிழந்தனர். காலையில் வீட்டாரிடம் சொல்லிவிட்டு ஆட்டம் பார்க்கப் போனவர்கள் அவர்கள். அந்த ஆட்டத்தின் கோல் கணக்கைக் கொல்கத்தாவில் யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. ஒவ்வோராண்டும் ஆகஸ்ட் 16 அன்று அந்நகரில் குருதிக்கொடை முகாம் நடைபெறுகிறது. சிவப்பும் பொன்மஞ்சளும் விரும்புவோரும், பச்சையும் அரக்குச் சிவப்பும் விரும்புவோரும் அங்கு வந்து குருதி அளிக்கின்றனர்.

சொற்பொருள்

வெறிச்சோடுதல் – ஆளின்றிக் காணப்படுதல்
கேடயம் – வெற்றிபெற்ற அணிக்கு வழங்கப்படும் பரிசுச் சின்னம்
ஏதிலியர் – புகலிடம் தேடி வந்தோர், அகதிகள்
பூசல் – சண்டை
ஐயுறுதல் – சந்தேகப்படுதல்

விடை எழுதுக

1. தொலைவில் நின்ற கூட்டம் 1911ஆம் ஆண்டு ஆட்டத்தின் போக்கை எவ்வாறு அறிந்துகொண்டது?
2. சிப்தாஸ் பாதுரியின் எந்தச் செயலை ஆதரவாளர்கள் மிகுதியாகப் பேசுகின்றனர்? அதற்குக் காரணம் யாதாக இருக்கலாம்?
3. ஏதிலியராக வந்தோர் ஈஸ்ட் பெங்கால் அணியைத் தமதாகக் கருதியது ஏன்?
4. ஷியாம் தாபாவைப் பற்றி மோகன் பகான் ஆதரவாளர்கள் பேசுவது எது? பேசாமல் விடுவது எது?
5. இப்பாடத்தில் வரும் வீரர்களுள் வேற்றிடங்களிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்தவர்களையும் அவர்தம் ஊர்களையும் தொகுத்து எழுதுக.

கேட்டு எழுதுக

வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம், அவர் நேரில் கண்டு மறக்கமுடியாத விளையாட்டு நிகழ்வொன்றைக் கூறச்செய்க. அவர் கூறியதைப் பத்து வரிகளில் எழுதுக. அதே நிகழ்வை மற்றொருவரும் கண்டிருந்தால் அவரிடமும் கேட்டு, இருவர் கூற்றும் எங்கெங்கு வேறுபடுகின்றன என்பதைக் குறித்துக்கொள்க.