மூன்று பிள்ளைகளும் 83 சதவீதமும்

அன்புள்ள தம்பி,

போன ஆண்டு 100 சதவீதமாக இருந்த பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இந்த ஆண்டு 83-க்கு இறங்கியதால், தலைமையாசிரியரை மாற்றச் சொல்லி மனுக் கொடுக்கப் போகிறீர்கள் என்று தெரிந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவன் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் கையெழுத்து வாங்கக் கிளம்பும் முன் அந்த 83-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார். எழுதியவர்கள் 18 பேர், தவறியவர்கள் மூன்று பேர். ஒரே பிள்ளையின் கணக்குத் தாள் ஐந்தரை சதவீதத்தை ஏற்றி இறக்கிவிடும். மாநிலத் தேர்ச்சி 2024-இல் 91.55, 2025-இல் 93.80, லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் அந்த இரண்டேகால் சதவீதத்துக்குப் பொருள் உண்டு. உங்கள் ஊர்க் கணக்கு வேறு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தேறப் பத்துக்கு ஒன்பது வாய்ப்பு என்று வைத்துக்கொள். ஆசிரியரும் மாறாமல் நடத்தும் விதமும் மாறாமல் இருந்தாலே, 18 பேர் எழுதும் பள்ளியில் சுமார் ஏழாண்டுக்கு ஒருமுறை எல்லோரும் தேறுவார்கள். நாலாண்டுக்கு ஒருமுறை மூன்று பேரோ அதற்கு மேலோ தவறுவார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் பள்ளி மதிப்பெண்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள் தாமஸ் கேனும் டக்ளஸ் ஸ்டைகரும் இதையே கண்டார்கள்: முன்னேற்றப் பட்டியலின் உச்சியிலும் அடியிலும் சிறிய பள்ளிகளே மிகுதி. போன ஆண்டு நூறு சதவீதத்துக்கு நீங்கள் கட்டிய பேனரிலும் இந்த அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டு. அதை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

‘அப்படியானால் யாரையும் எதுவும் கேட்கக் கூடாதா?’ என்பாய். கேள், ஆனால் பதில் கிடைக்கிற கேள்வியாகக் கேள். ஐந்தாண்டு முடிவுகளைச் சேர்த்து வைத்து, எந்தப் பாடத்தில் திரும்பத் திரும்பத் தவறுகிறார்கள் என்று பார். மூன்று பேரும் கணக்கில்தான் தவறியிருந்தால், கணக்குப் பட்டதாரி ஆசிரியர் பணியிடம் எத்தனை மாதம் காலியாக இருந்தது, இருந்தவரை மாற்றுப்பணியில் வேறெங்கும் அனுப்பினார்களா என்று விசாரி. பெரிய மேல்நிலைப் பள்ளியில் ஒருவர் போனால் இன்னொருவர் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்வார். உங்களுக்கு ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர். அவர் இல்லையென்றால் அந்தப் பாடமே இல்லை. அதற்குத் தலைமையாசிரியரை மாற்றி என்ன பயன்? மனு போக வேண்டியது மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு, காலியிடத்தை நிரப்பச் சொல்லி. இன்னொன்றும் கேள்: போன ஆண்டு நூறு எடுத்த வகுப்பு, ஒன்பதாம் வகுப்பாக இருந்தபோது அதில் எத்தனை பேர் இருந்தார்கள்? 100-க்கு ஊர் நெருக்கினால், தேறமாட்டான் என்று தோன்றும் பிள்ளையை முன்னதாகவே வெளியே அனுப்பத் தோன்றும். 22 பேரில் 18 பேரை எழுதவைத்து எடுத்த நூறைவிட, 22 பேரும் எழுதி எடுத்த 82 எனக்கு மேல்.

ஐந்தாண்டுச் சராசரி இந்த மூன்று பேருக்கு என்ன செய்யும் என்று நீ கேட்டால், அது நியாயம்தான். அவர்களுக்கு அது ஒன்றும் செய்யாது. அவர்களுக்கு உள்ளது துணைத்தேர்வு. அதில் தேறினால் இந்த ஆண்டே பதினொன்றில் சேரலாம். மனு பத்து நாள் பொறுக்கும், விண்ணப்பக் கடைசி நாள் பொறுக்காது. மூன்று வீட்டுக்கும் இன்றே போய்வா.

அன்புடன்,
பெரியப்பா