நேரம் யாரிடம் இருக்கிறது?

எழுத வேண்டும், நிறைய வாசிக்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. அலுவலகம், அடுப்படி, பிள்ளைகளின் பரீட்சை, பெரியவர்களின் மருந்து மாத்திரை என்று நாள் ஓடிவிடுகிறது. ஏன் முடியவில்லை என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அவற்றில் சில நிஜம். சில, சரிபார்க்காமலே நாம் நம்பிவிட்டவை. இரண்டையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். இல்லாத தடையோடு மல்லுக்கட்டியே ஓய்ந்துபோகிறவர்கள் நம்மிடையே அதிகம்.

நம்பிக்கை: வேலையை விட்டால்தான் எழுத முடியும்.

தமிழ் நாவலின் வரலாறு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. நீல. பத்மநாபன் கேரள மின்வாரியத்தில் பொறியாளர். தி. ஜானகிராமன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து வானொலிக்குப் போனவர். சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. பூமணி கூட்டுறவுத் துறையில் இருந்தார். இமையம் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். நாஞ்சில் நாடன் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்தவர். நம் மொழியின் நல்ல நாவல்களில் பெரும்பகுதியை எழுதியவர்கள், காலையில் வேலைக்குக் கிளம்பிப் போனவர்கள்தான்.

எழுத்தையே நம்பி வாழ்ந்த புதுமைப்பித்தனுக்கு ஓய்வு வாய்த்ததா? பத்திரிகைச் சம்பளம் போதாமல் சினிமாவுக்கு எழுதப் போனார். 1948-இல் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 42. மேதைமைக்குக் கொடுத்த விலை என்று அதைப் போற்றிப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அது நாம் இழந்த எழுத்து. மாதச் சம்பளம் அரிசி வாங்கும் கவலையைப் போக்குகிறது. பல சமயம் எழுதுவதற்கான விஷயத்தையும் தருகிறது. ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்திராவிட்டால் அசோகமித்திரனிடமிருந்து ‘கரைந்த நிழல்கள்’ வந்திருக்குமா?

நம்பிக்கை: மனம் ஒத்துழைத்தால்தான் எழுத்து வரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப் தபால் துறை அதிகாரி. காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார். முதல் அரைமணி நேரம் முந்தைய நாள் எழுதியதை வாசிப்பார். பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால்மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதுவார். அப்புறம்தான் அலுவலகம். அவர் எழுதிய நாவல்கள் 47. முந்தைய நாள் பக்கத்தை வாசித்துவிட்டுத் தொடங்கும் அந்தப் பழக்கத்தை, எழுத நினைக்கும் எல்லோருக்கும் நான் பரிந்துரைப்பேன். விட்ட இடம் கைக்குக் கிடைத்துவிட்டால் மனநிலைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ் 1980-களில் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 27 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு குழுவுக்குத் தினமும் கட்டாயம். இன்னொரு குழு தோன்றும்போது எழுதலாம். மூன்றாவது குழு அவசரம் இருந்தாலொழிய எழுதக்கூடாது. கட்டாயத்தில் எழுதியவர்கள்தான் அதிகப் பக்கங்கள் எழுதினார்கள். புதுப்புது யோசனைகளும் அவர்களுக்கே அடிக்கடி தோன்றின. 27 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் தினசரி எழுதுகிற யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

நம்பிக்கை: 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும்; ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு.

இந்த 21 எங்கிருந்து வந்தது? மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960-இல் வெளியிட்ட நூலிலிருந்து. அறுவை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆவதைக் கவனித்ததாக அவர் எழுதினார். ‘குறைந்தது’ என்பதும் ‘முகம்’ என்பதும் நாளடைவில் உதிர்ந்துபோய், எண் மட்டும் மேடைக்கு மேடை பயணம் போய்க்கொண்டிருக்கிறது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2010-இல் அச்சானது. ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற, இடைநிலை அளவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல், அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவே ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. ஒரு நாள் விட்டுப்போனதற்காக நோட்டை மூடி வைத்தவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அன்று எழுத முடியாது. மறுநாள் எழுதலாம்.

நீண்ட இடைவெளியும் முடிவாகிவிடாது. அ. முத்துலிங்கத்தின் முதல் தொகுப்பு ‘அக்கா’ 1964-இல் வந்தது. உத்தியோகம் அவரைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. அடுத்த தொகுப்பு ‘திகடசக்கரம்’ வந்தது 1995-இல். இன்று நாம் கொண்டாடும் முத்துலிங்கம் அந்த 31 ஆண்டுகளுக்குப் பிறகு எழுதியவர்.

நம்பிக்கை: வாசிக்க உட்கார்ந்தால் இரண்டு மணி நேரமாவது வேண்டும்.

‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வாராவாரம் வந்தது. வாரத்துக்குச் சில பக்கம் என்று மூன்றரை வருஷம் வாசித்து, பக்கங்களைச் சேர்த்து வைத்துப் பைண்டு செய்த வீடுகள் எத்தனை! நாளுக்குப் பத்துப் பக்கம் வருஷத்தில் 3,650 பக்கம் ஆகும். 250 பக்க நூல்கள் பதினான்கு.

நம்பிக்கை: எல்லோருக்கும் இருப்பது அதே 24 மணி நேரம்தான், மனமிருந்தால் மார்க்கம் உண்டு.

இதைத்தான் நான் மிகவும் வெறுக்கிறேன். கேட்க ஊக்கமாக இருக்கும். கேட்பவர் பெண்ணாக இருந்தால், அவர் மீது சுமத்தும் பழியாகிவிடும். இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண், அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். அப்படி ஈடுபட்டவர்களே ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான்; பெண்களில் 81 பேர். ஐந்து மணி நேரம் ஏற்கெனவே போன பிறகு எஞ்சுவதை ‘அதே 24’ என்று எப்படிச் சொல்வது?

டிரோலப்பின் கதையில் ஒரு பாதியை மேலே சொல்லவில்லை. அவரை விடியற்காலையில் எழுப்பிக் காபி கொடுக்க ஒரு வேலையாள் இருந்தார். அதற்காக வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார் டிரோலப். தன் வெற்றிக்கு வேறு யாரையும்விட அந்த மனிதருக்கே அதிகம் கடமைப்பட்டிருக்கலாம் என்று சுயசரிதையில் எழுதியும் வைத்தார். நம் வீடுகளில் விடியற்காலைக் காபியைப் போடுகிறவரே எழுத ஆசைப்படுகிறவராக இருந்தால், அவருக்கு அந்த ஐந்தரை மணி எங்கே கிடைக்கும்?

துவரங்குறிச்சியில் வாழ்க்கைப்பட்ட வீட்டில் எழுத அனுமதியில்லாமல், இரவில் கழிவறைக்குள் ஒளிந்து கவிதை எழுதினார் சல்மா. அம்மாவின் உதவியால்தான் அந்தத் தாள்கள் வெளியே போயின. அவரது மன உறுதியை வணங்குகிறேன். அதே சமயம், இன்னொருவரிடம் ‘சல்மா எழுதவில்லையா, உன்னால் முடியாதா’ என்று கேட்பது கொடுமை. கழிவறையில் நின்று எழுதவேண்டிய நிலைமை ஒருவருக்கும் வரக்கூடாது.

ஆகவே, நேரம் கிடைக்காதவர்களுக்கு நான் சொல்ல அதிகமில்லை. சொல்ல வேண்டியது அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களிடம். உங்கள் வீட்டில் எழுதவோ வாசிக்கவோ ஆசைப்படும் ஒருவர் இருக்கிறார் என்றால், அவருடைய வேலையில் அரைமணி நேரத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். ‘எப்போதாவது உதவுகிறேன்’ என்று சொன்னால் போதாது. இரவு ஏழரையிலிருந்து எட்டு வரை அடுப்படி உங்கள் பொறுப்பு என்று நேரம் குறித்துச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் ‘உப்பு எங்கே இருக்கிறது’ என்று அவரைக் கூப்பிடாதீர்கள். இன்றைக்கே தொடங்குங்கள்.