சேற்றில் பிறந்த பாவை

நுழையும் முன்

கறை படிந்த துணி கழிவா, செல்வமா? உழைத்தவருக்கு உரிய விலையைத் தருவது இரக்கமா, கடமையா? இவ்விரு வினாக்களையும் மனத்தில் கொண்டு பாடத்தைப் படியுங்கள்.

பாடம்

மாணவர்களே! திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்தால், நெய்யாற்றின்கரைக்கு முன்பாகப் பாலராமபுரம் என்னும் ஊரைக் காணலாம். திருவிதாங்கூரை 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மரின் காலத்தில், தமிழ்நாட்டின் தென்பகுதியிலிருந்து சாலியர் எனப்படும் நெசவாளர்கள் இங்குக் குடியமர்த்தப்பட்டனர். மன்னரின் பெயரே ஊரின் பெயராயிற்று. தெருவில் பாவு விரித்துக் கஞ்சியிட்டு, குழித்தறியில் அவர்கள் நெய்த ஆடைகள் இன்று கேரளத்தின் அடையாளமாக விளங்குகின்றன. பிழைப்புத் தேடிப் புலம்பெயர்ந்தவர்கள் சென்ற இடத்திற்கும் பெருமை சேர்ப்பார்கள் என்பதற்கு இது நல்ல சான்று.

கேரளத்தில் நெசவால் புகழ்பெற்ற மற்றோர் ஊர் எர்ணாகுளம் மாவட்டத்திலுள்ள சேந்தமங்கலம். 2018 ஆகஸ்டு மாதத்தில் பெருவெள்ளம் அவ்வூரைச் சூழ்ந்தது. அது ஓணத்திற்கு முந்தைய காலம். ஆண்டின் மிகப் பெரிய விற்பனைக்காக நெய்து அடுக்கி வைத்திருந்த சேலைகளும் வேட்டிகளும் சேற்றில் மூழ்கின. தறிகள் பழுதாயின, நூல் கெட்டது. கறை நீங்காத சேலைகளை எரித்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்னும் நிலை ஏற்பட்டது. பல நாள் உழைப்பு சாம்பலாக இருந்தது.

அவ்வேளையில் இலட்சுமி மேனன், கோபிநாத் பாறயில் ஆகிய இருவரும் ஒரு வழி கண்டனர். கரிம்பாடம் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் சேலைகளை வாங்கி, நோய்க்கிருமி நீங்கத் தூய்மை செய்து, சிறு துண்டுகளாக வெட்டினர். அவற்றை உருட்டி முடிந்து சின்னஞ்சிறு பாவைகளாக்கினர். கறையை அவர்கள் மறைக்கவில்லை. வெள்ளத்தை வென்றதன் அடையாளமாக அதை அப்படியே விட்டனர். தன்னார்வலர் பலர் கூடி அமர்ந்து பாவை செய்தனர். மக்கள் அதை வாங்கித் தம் கைப்பையில் தொங்கவிட்டனர்.

அப்பாவைக்குச் 'சேக்குட்டி' என்று பெயரிட்டனர். 'சேறு' என்னும் சொல் தமிழுக்கும் மலையாளத்திற்கும் பொதுவானது. மலையாளத்தில் 'குட்டி' என்றால் குழந்தை. எனவே, சேற்றிலிருந்து எழுந்த குழந்தை என்பது அப்பெயரின் பொருள்.

சுமார் 1,300 ரூபாய் மதிப்புள்ள ஒரு சேலையிலிருந்து ஏறத்தாழ 360 பாவைகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் 25 ரூபாய்க்கு விற்றது. விற்ற பணம் நெசவாளர்களின் மறுவாழ்வுக்குச் சென்றது. பயனற்றதெனக் கருதப்பட்ட பொருளுக்கு முன்னிலும் உயர்ந்த மதிப்பை அளிப்பதை 'மதிப்புக்கூட்டிய மறுபயன்பாடு' என்பர்.

கடல் கடந்தும் இத்தகைய முயற்சிகள் உண்டு. நடு அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டில் மாயர் இனப் பெண்கள், தறியின் ஒரு முனையை மரத்திலும் மறுமுனையைத் தம் இடுப்பிலும் கட்டிக்கொண்டு மேலாடை நெய்கின்றனர். அதன் பூவேலையைக் கண்டே உடுத்தியவரின் ஊரைச் சொல்லிவிடலாம். பழையதான அம்மேலாடைகள் அழகிய கைப்பைகளாக மாறி உலகச் சந்தைக்குச் செல்கின்றன.

ஆனால், இங்கு ஒரு கேள்வி எழுகிறது. பை எவ்வளவு உயர்ந்த விலைக்கு விற்றாலும், அதை நெய்த கைக்கு எவ்வளவு சேர்கிறது? இடையில் நிற்பவரே பெரும்பங்கைப் பெற்றால், துணி வாழும், நெசவாளர் வாழமாட்டார். ஆகவேதான் 'நியாய வணிகம்' என்னும் கொள்கை தோன்றியது. உழைப்புக்கு ஏற்ற விலை, காலம் தாழ்த்தாத ஊதியம், பாதுகாப்பான பணியிடம், குழந்தைகளைச் சுரண்டாத தொழில்முறை ஆகியவை அதன் அடிப்படைகள்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். வெள்ளத்தின்போது இரக்கத்தால் வாங்கிய பாவை, நெசவாளரை ஒருமுறை தாங்கியது. அவர் நாள்தோறும் வாழ வேண்டுமானால் தறி மீண்டும் ஓட வேண்டும். நெய்த துணியை உரிய விலை கொடுத்து நாம் வாங்க வேண்டும். பேரம் பேசிக் குறைக்கும் ஒவ்வொரு ரூபாயும் யாருடைய உணவிலிருந்து குறைகிறது என்று எண்ணிப் பார்ப்பதே நல்ல நுகர்வோருக்கு அழகு.

சொற்பொருள்

பாவு – தறியில் நீளவாட்டில் அமையும் நூல்
பாவை – பொம்மை
புலம்பெயர்தல் – வாழும் இடத்தை விட்டு வேறிடம் செல்லுதல்
நுகர்வோர் – பொருளை வாங்கிப் பயன்படுத்துவோர்

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. பாலராமபுரம் என்னும் பெயர் எவ்வாறு ஏற்பட்டது?
2. பாவையின் கறையை மறைக்காமல் விட்டது ஏன்?
3. ஒரு சேலையின் பாவைகள் அனைத்தும் விற்றால் கிடைக்கும் தொகை எவ்வளவு? சேலையின் விலையோடு ஒப்பிடுக.

ஆ. பிரித்து எழுதுக.
கைத்தறி, சேற்றில், பெருவெள்ளம்

இ. செயல்பாடு
உங்கள் வீட்டிலுள்ள பழைய சேலை அல்லது வேட்டி ஒன்றின் கதையைப் பாட்டியிடமோ அம்மாவிடமோ கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக. அத்துணியைக் கொண்டு ஒரு பை தைத்து வகுப்பிற்குக் கொண்டு வருக.