ஆம்பியர் கூடினால் வால்வு கருகுமா?

வால்வு ஆம்ப்ளிஃபையர் கட்ட உட்காருகிறவர்கள் பலரும் முதலில் கேட்பது இதுதான்: "என் வால்வுகளுக்கு 2 ஆம்பியர் போதும். கையில் கிடைத்த டிரான்ஸ்ஃபார்மரில் 6.3 வோல்ட், 6 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. மாட்டினால் ஹீட்டர் கருகிவிடாதா?"

அந்த ஆம்பியரால் கருகாது. கீசருக்கு வைத்த 16 ஆம்பியர் பிளக்கில் செல்போன் சார்ஜரைச் செருகினாலும், அது தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர், வைண்டிங் சூடேறிக் கெடாமல் எவ்வளவு வரை தாங்கும் என்ற கணக்கு. இரண்டு ஈசிசி83, இரண்டு ஈஎல்84 போட்ட ஆம்ப்ளிஃபையரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது வகை 6.3 வோல்ட்டில் தலா 0.3 ஆம்பியர், அடுத்தது தலா 0.76. மொத்தம் 2.12. இதற்கு 3 ஆம்பியர் வைண்டிங் அருமையாகப் பொருந்தும்.

6 ஆம்பியரில் கவனிக்க வேண்டியது வோல்ட்டேஜை. முழுச் சுமையில் 6.3 தரும்படி சுற்றியது, 2 ஆம்பியர் மட்டும் இழுத்தால் சற்று மேலே நிற்கும். 230 வோல்ட்டுக்குச் சுற்றிய பிரைமரியில் 245 வந்தாலோ, 6.3 என்பது 6.7 ஆகிவிடும். இரண்டும் சேர்ந்தால், பத்து சதவீத எல்லையான 6.9-ஐத் தாண்டுவது சுலபம். அதனால் எல்லா வால்வும் செருகி, நன்றாகச் சிவந்த பிறகு, சாக்கெட் பின்னிலேயே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 6.95 காட்டினால், ஹீட்டருக்குப் போகும் இரண்டு கம்பியிலும் தலா ஒரு 0.15 ஓம், 3 வாட் ரெசிஸ்டர் போடுங்கள். 0.6 வோல்ட் இறங்கிவிடும்.

குளிர்ந்த ஹீட்டரில் ஓம் அளந்து ஆம்பியர் கணக்குப் போடுவதும் தவறு. ஈசிசி83-இன் இழை சூட்டில் 21 ஓம். குளிரில் அதில் ஒரு பகுதிதான் காட்டும். டேட்டா ஷீட்டை நம்புங்கள்.

என்னை உண்மையிலேயே பயப்பட வைப்பது இன்னொரு நம்பிக்கை: "சாக்கெட் ஒன்றுதானே, 6வி6-ஐ எடுத்துவிட்டு ஈஎல்34 போட்டால் சத்தம் கூடும்." எட்டுப் பின்னும் சரியாக உள்ளே போகும், ஹீட்டரும் சிவக்கும். ஆனால் 6வி6 இழுப்பது 0.45 ஆம்பியர், ஈஎல்34 இழுப்பது 1.5. ஒரு ஜோடிக்கு 0.9 இருந்த இடத்தில் 3 ஆகிறது. கொஞ்ச நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மரில் கை வைக்க முடியாது. வார்னிஷ் வாடை வரும். பியூஸ் காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். கூடுதலான 2.1 ஆம்பியர் என்பது 13 வாட்தான். 230 வோல்ட் பக்கத்தில் அது 0.06 ஆம்பியர். வைண்டிங் உள்ளே வெந்துகொண்டிருக்கும்போதும் பியூஸ் அப்படியே இருக்கும்.